செம்புத் தகடு முதல் லிப்ஸ்டிக் வரை: ஒரே முகம், வேறு வேறு பொருட்கள்

காபியில் வரைந்த முகம் என்று யாராவது ஒரு படத்தைக் காட்டினால், பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது "அட, காபியா!" என்பதுதான். முகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அங்கேதான் இடிக்கிறது. ஆயில் பெயின்டையும் கேன்வாஸையும் ஓரமாக வைத்துவிட்டு வேறு ஒன்றைக் கையில் எடுக்கிறோம் என்றால், அது அந்த முகத்துக்கு எதையாவது கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வெறும் வித்தை.

அப்படிப் பேசப்படும் சில பொருட்களை வாங்கி வரைந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் வரைந்தது என் மாமனாரின் முகம். ஒடுங்கிய கன்னம், இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் ஒரு பழைய தழும்பு, விளக்கு வெளிச்சம் விழுந்தால் மின்னும் வழுக்கை. கையில் செய்தித்தாளைக் கொடுத்துவிட்டால் அசையாமல் உட்காருவார். முகம் ஒன்றாக இருந்தால்தான் வித்தியாசம் எதிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

நான் பார்த்தது இரண்டு விஷயங்களை. முதலாவது, கன்ன எலும்புக்குக் கீழே வெளிச்சம் மெல்ல நிழலாகிற இடம். போர்ட்ரெய்ட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கண்ணை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம், அந்த இடைநிறம் வராவிட்டால் முகம் தட்டையாகிவிடும். இரண்டாவது வெயில். ஒவ்வொரு பொருளையும் ஒரு துண்டில் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, கோடை முழுக்க ஜன்னலில் ஒட்டி வைத்தேன். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் உள்ள வித்தியாசமே போதும், வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

முதலில் இன்ஸ்டன்ட் காபித் தூள். கெட்டியாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, நீர்க்க ஒன்று என்று மூன்று கிண்ணங்களில் கரைத்துக்கொண்டால் வேலை ஆரம்பிக்கலாம். முதல் பூச்சு அழகாகத்தான் இருக்கிறது. பழைய புகைப்படத்தின் பழுப்பு தானாகவே வந்து உட்காருகிறது, பாதி வேலையை நிறமே முடித்துக் கொடுத்த மாதிரி தோன்றும். காபிப் படங்கள் இவ்வளவு பரவியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சிக்கல் காய்கிறபோது தெரிகிறது. காபித் துளி காய்ந்தால் நடுப்பகுதி வெளிறி, விளிம்பில் கருப்பாக ஒரு வளையம் விழும். சொட்டின் ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட உள்ளிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது, துகள்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. 1997இல் நேச்சர் இதழில் இயற்பியலாளர்கள் இதற்கு விளக்கமே எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது சுவாரசியம், கன்னம் வரைகிறவருக்கு அது எமன். மெல்ல மறைய வேண்டிய இடத்தில் ஒரு கோடு வந்து நிற்கிறது. அதைக் கரைக்க ஈரப் பிரஷ்ஷை வைத்தால் கீழே இருக்கும் பூச்சும் சேர்ந்து எழும்பிவிடுகிறது. காபி காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும் என்பதால் அடுக்கடுக்காக ஏற்ற முடியாது. இந்தக் குணம் ஒரே ஓர் இடத்தில் உதவியது. வழுக்கையின் மினுக்கத்தைச் சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் ஒற்றி எடுத்தேன், பளிச்சென்று வந்தது.

ஆழமான நிழலுக்காகக் கெட்டியாகப் போட்ட இடம் கடைசி வரைக்கும் பிசுபிசுப்பு போகவில்லை. மழைக்காலத்தில் அதன்மேல் வைத்த தாள் ஒட்டிக்கொண்டது. வெயில் துண்டில் மூடாத பாதி கண்ணுக்குத் தெரியும்படி வெளிறியிருந்தது. காகிதத்துக்கும் நல்லதில்லை, காபி அமிலத்தன்மை உள்ளது. ஸ்கெட்ச் நோட்டுக்குள் மூடி வைத்துக்கொள்வதற்குச் சரி. யாரிடமாவது காசு வாங்கிக்கொண்டு வரைவதென்றால் கூடாது. சீக்கிரம் கெடுகிற பொருளில் பெரிய வேலை செய்தவர்கள் இதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். பிரேசில் கலைஞர் விக் முனிஸ் 1996இல் கறுப்புக் காகிதத்தின்மேல் சர்க்கரையைத் தூவி, கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் குழந்தைகளுடைய முகங்களை வரைந்தார். அவர் காட்சிக்கு வைத்தது சர்க்கரையை அல்ல, அதன் புகைப்படத்தை. காபியில் வரைகிறவர்களும் நன்றாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது உத்தமம்.

அடுத்தது தேநீரும் துருவும். இதை இரண்டாகச் செய்ய வேண்டும். பால் சேர்க்காத கடுந்தேநீர் ஒரு பக்கம். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத இரும்புக் கம்பிச் சுருளை வினிகரில் ஊறப்போட்டு எடுத்த நீர் இன்னொரு பக்கம். ஊறுகிற பாட்டிலை இறுக்கி மூடக் கூடாது, உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. தேநீர் பூசிக் காய்ந்த காகிதத்தின்மேல் இந்த இரும்பு நீர் பட்டால் வெளிர்ப் பழுப்பு கண்ணெதிரிலேயே சாம்பல் ஆகும், அப்புறம் காற்றுப் பட்டுப் பட்டு இன்னும் கறுக்கும். தேநீரில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து நடக்கிற வேலை. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காகக் கையெழுத்துப் பிரதிகள் எழுதப்பட்ட மையும் இதே வேதியியல்தான், அதில் தேநீருக்குப் பதில் ஓக் மரத்தில் பூச்சியால் உண்டாகும் புடைப்பான கழலைக்காய்.

காபி செய்யாததை இது செய்தது. ஒருமுறை கறுத்துவிட்டால் தண்ணீரில் கரைவதில்லை. அதனால் கன்னத்தின்மேல் மெல்லிய பூச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்ற முடிந்தது, கீழே இருப்பது அசையவில்லை. முகவாய்க்கட்டையில் சவரம் செய்த தாடியின் நீலம் கலந்த சாம்பல், வேறு எதிலும் இவ்வளவு சுலபமாக எனக்கு வந்ததில்லை. மாமனார் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, துருவையா என் மூஞ்சியில பூசுறீங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். காபிப் படத்தை அவர் ஒரு பார்வையோடு விட்டுவிட்டிருந்தார்.

குறை என்னவென்றால், நாம் கையை எடுத்த பிறகும் இது வேலை செய்துகொண்டே இருக்கும். இரவில் சரியாக இருந்த நிழல் காலையில் ஒரு படி கூடுதலாகக் கறுத்திருக்கும். அதைக் கணக்கு வைத்து, கொஞ்சம் வெளிறலாகவே நிறுத்தப் பழக வேண்டும். அமிலம் காகிதத்தை அரிக்கும், பழைய கையெழுத்துப் பிரதிகளில் எழுத்து இருந்த இடமே ஓட்டையாகிப் போனது இதனால்தான். கனமான பருத்திக் காகிதம் வாங்குங்கள். வெயில் துண்டில் கறுப்பு பழுப்புப் பக்கம் சாய்ந்திருந்தது, ஆனால் உருவம் போகவில்லை. அறை முழுக்க வினிகர் நாற்றம் அடிக்கும், அதற்கு வழியில்லை.

மேக்கப் பொருட்களிடம்தான் அதிகம் எதிர்பார்த்தேன். தோலின் நிறத்தில் தயாராகப் பாட்டிலில் வருகிறது, அதைவிட வேறென்ன வேண்டும்? ஃபவுண்டேஷனில் இருக்கும் நிறமிகளும் நமக்கு அந்நியமில்லை. இரும்பு ஆக்சைடுகளும் டைட்டானியம் டை ஆக்சைடும்தான். ஓக்கர், சியன்னா, டைட்டானியம் ஒயிட் டியூப்களில் நாம் பிதுக்குவதும் அந்தக் குடும்பம்தான். வெயில் துண்டிலும் அவை அசையவில்லை.

ஆனால் முகம் செத்துவிட்டது. காரணம் யோசித்தால் எளிது. உயிருள்ள முகம் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. நெற்றியில் மஞ்சள் கூடுதல், மூக்கிலும் கன்னத்திலும் காதிலும் சிவப்பு, ஆண்களுக்கு முகவாய்ப் பக்கம் சாம்பல். இந்த வித்தியாசங்களை மறைத்து ஒரே சீராக்குவதற்குத்தான் ஃபவுண்டேஷனை உண்டாக்கியிருக்கிறார்கள். போர்ட்ரெய்ட் வாழ்வதோ அந்த வித்தியாசங்களை வைத்து. மூன்று ஷேடு வாங்கிக் கலந்தும் பார்த்தேன், மூன்று முகமூடிகளை ஒட்டியது போல வந்தது. "நாடகத்துக்குக் கிளம்புற மாதிரி இருக்கேன்" என்றார் மாமனார். அது மட்டுமில்லாமல் பல ஃபவுண்டேஷன்களில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. ஆயில் பெயின்டில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கெட்டிப் படலமாகும், சிலிக்கோன் அப்படி ஆகாது. தொட்டால் இன்றைக்கும் கையோடு வருகிறது.

லிப்ஸ்டிக் இன்னும் மோசம். அதில் பெரும்பாலும் இருப்பது மெழுகும் விளக்கெண்ணெயும். விளக்கெண்ணெய் உலராத எண்ணெய், காகிதத்தில் உதட்டைச் சுற்றி ஒரு கறை வட்டமாகப் பரவி நின்றது. பழுப்புச் சிவப்பு ஷேடு வெயிலைத் தாங்கியது. பளீர் ரோஸ் ஷேடு மூடாத பாதியில் ஏறக்குறையக் காணாமலே போய்விட்டது. லிப்ஸ்டிக்கில் ஈயோசின் என்ற செயற்கைச் சிவப்பு வகைச் சாயங்களைப் பயன்படுத்துவது உண்டு. வான் கோ வாங்கிப் பூசிய ஜெரேனியம் லேக் என்ற சிவப்பும் ஈயோசினில் செய்ததுதான், அவருடைய பல படங்களில் அந்தச் சிவப்பு இன்று வெளிறிவிட்டது. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால் இங்கிலாந்தில் ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் சதையின் சிவப்புக்குக் கார்மைன் என்ற பூச்சிச் சாயத்தை நம்பினார். அது வெளுத்து, அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் வரைந்த சீமான்கள் சீமாட்டிகள் முகத்தில் ரத்தம் போய்விட்டது. லிப்ஸ்டிக்கை வாங்கித் தொலைத்தாயிற்று, இப்போது என் மனைவியிடம் இருக்கிறது.

தார் வாங்கவே இல்லை. பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே 1946-47இல் எழுத்தாளர்களையும் நண்பர்களையும் வரைந்த முகங்களில் தாரையும் மணலையும் சரளையையும் குழைத்து அப்பியிருக்கிறார், அவருக்கு அந்த முரட்டுத்தனம் தேவைப்பட்டது. தாரின் இனமான பிட்டுமனைப் பழுப்பு நிறமாக நம்பிப் பூசிய 18, 19ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் முழுதாக உலராமல், சுருங்கி, முதலைத் தோல் போல வெடித்துக் கிடக்கின்றன. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

இப்போது நான் உண்மையில் சிபாரிசு செய்கிற ஒன்றுக்கு வருகிறேன். டிராஃப்டிங் ஃபிலிம். பொறியாளர்களும் கட்டட வரைபடம் போடுகிறவர்களும் பயன்படுத்திய பாலியெஸ்டர் தாள். பனி படர்ந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கும். வாங்கும்போது இரண்டு பக்கமும் சொரசொரப்பு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கிற வகை இந்த வேலைக்கு உதவாது.

இதன் அருமை, பின்பக்கமும் வரையலாம் என்பதில் இருக்கிறது. பின்னால் மெல்லிய சிவப்பு ஆயில் பெயின்டைக் கன்னத்துக்கும் காது நுனிக்கும் மூக்குக்கும் மட்டும் துணியால் தேய்த்து வைத்தேன். முன்பக்கம் கிராஃபைட் தூளும் கொஞ்சம் பழுப்பும். சிவப்பு தாளைத் தாண்டி மங்கலாக மேலே வருகிறது. நம் உடம்பிலும் ரத்தம் தோலுக்கு அடியில்தானே ஓடுகிறது, வெளியே பூசியா வைத்திருக்கிறது? ஆயிலில் இதற்குக் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சுகளைப் போட்டு, ஒவ்வொன்றும் காயக் காத்திருக்க வேண்டும். இங்கே ஒரே மாலையில் அந்த ஆழம் கிடைத்தது. பின்னால் வெள்ளைத் தாளை ஒட்டினாற்போல் வைத்தால் சிவப்பு துடிப்பாகத் தெரியும், சின்ன இடைவெளி விட்டுச் சட்டம் போட்டால் மங்கும். இதை வைத்துக் கடைசி நிமிடத்தில்கூட முகத்தின் சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம்.

ஃபிலிம் எதையும் உறிஞ்சாது. கிராஃபைட் தூளை விரலால் தேய்த்து, ரப்பரால் ஒற்றி, மறுபடி தேய்த்து என்று கன்னத்தில் வேண்டிய மட்டும் விளையாடலாம். விரல் என்றதும் அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் நினைவுக்கு வருகிறார். 1985இல் தன் மனைவியின் பாட்டி ஃபேனியின் முகத்தை முழுக்கத் தன் விரல் ரேகைகளாலேயே பதித்து வரைந்தார், வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கிட்டப் போனால் ரேகை, தள்ளி நின்றால் ஒரு மூதாட்டியின் சுருங்கிய தோல். எப்படிச் செய்தார் என்ற கேள்வி அப்புறம்தான் வருகிறது, முதலில் அந்த மூதாட்டி நம்மைப் பார்க்கிறார். நான் இந்தப் பொருட்களிடம் கேட்பதும் அதைத்தான்.

ஃபிலிமின் குறைகள்: நீங்கள் கேட்காத விரல் ரேகையும் விழும், கையின் எண்ணெய் பட்ட இடத்தில் பென்சில் வேறு மாதிரி பிடிக்கும். ஒரே இடத்தை அழுத்தி அழித்தால் சொரசொரப்பு தேய்ந்து அங்கே பளபளப்பு வந்துவிடும், அதன்மேல் எதுவும் நிற்காது. தண்ணீர் வண்ணம் குளம் கட்டும். ஆயிலைத் தடிப்பாகப் போட்டால் உரிந்து வரலாம், மெல்லிசாகத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மடிப்பு விழுந்தால் விழுந்ததுதான், உருளையில் சுற்றியே எடுத்துப் போக வேண்டும்.

உப்புத்தாளை இரண்டு வரியில் முடித்துவிடலாம். தச்சர் தேய்க்கிற தாளில் சாஃப்ட் பேஸ்டல் அருமையாகப் பிடிக்கிறது, மாமனாரின் முள் தாடிக்கு அந்தச் சொரசொரப்பு தனியாக உழைத்தது. ஆனால் நிறத்தை விரலால் கலந்தால் விரல் நுனி தேயும், அதன் அடித்தாள் காலம் தாங்கச் செய்யப்பட்டதும் இல்லை. ஓவியர்களுக்கென்றே அமிலமில்லாத உப்புத்தாள் வருகிறது, அதை வாங்குங்கள்.

மெழுகில் இரண்டு வகை உண்டு. சூடாக்கிப் பூசுவது மிகப் பழையது. எகிப்தின் ஃபாயூம் பகுதியில் கிடைத்த, கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்த மம்மி முகங்களில் பலவும் இப்படி மெல்லிய மரப்பலகையில் தேன்மெழுகால் வரையப்பட்டவை. அச்சில் பார்த்தாலே அந்தக் கண்களில் ஈரம் தெரிகிறது. நேரில் முயன்று பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகும். சூடான தட்டிலிருந்து பிரஷ் பலகைக்குப் போய்ச் சேர்வதற்குள் இறுக ஆரம்பித்துவிடும். இழுக்க நினைத்த கோடு பாதியில் நிற்கும். ஹீட் கன்னால் மறுபடி இளக்கினால் பக்கத்தில் சரியாக வந்திருந்த கண்ணிமையும் சேர்ந்து ஓடும். அதிகம் சூடேறினால் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், ஜன்னல் திறந்திருப்பது கட்டாயம். கைவந்தவர்களுக்கு வணக்கம், எனக்கு வரவில்லை.

டப்பாவில் வரும் கோல்டு வாக்ஸ் வேறு விஷயம். மெழுகைக் கரைப்பானில் குழைத்து வெண்ணெய்ப் பதத்தில் தருகிறார்கள், ஆயில் பெயின்ட்டோடு பாலட் கத்தியால் கலந்து பூச வேண்டியது. பளபளப்பு முழுக்கப் போய்விடும். முகத்துக்கு இது நல்லது, விளக்குக்கு நேராக நின்றாலும் கண் கூசாது. நெற்றிச் சுருக்கங்களை நான் வரையவில்லை. கறுப்புக்குமேல் தோல் நிறத்தைத் தடவி, பாதி இறுகியதும் ஊசியால் கீறினேன். புருவத் தழும்பும் அப்படித்தான் வந்தது, உண்மைத் தழும்பை விரலால் தொட்டது போலவே இருந்தது. தடிப்பாகப் போடுவதென்றால் கேன்வாஸ் வேண்டாம், வளையாத பலகைதான் சரி. எவ்வளவு காய்ந்தாலும் நகம் பட்டால் தடம் விழும். துணியால் துடைக்கப் போனால் தூசியை இன்னும் உள்ளே அழுத்துவீர்கள்.

கடைசியாகச் செம்புத் தகடு. இதைப் புதுமை என்று சொன்னால் பழைய ஓவியர்கள் சிரிப்பார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் சின்னப் படங்களுக்கு இது சாதாரணம். ரெம்ப்ராண்ட் 1630இல் தங்கம் பூசிய செம்பில் உள்ளங்கையைவிடக் கொஞ்சமே பெரிதாகத் தன் முகத்தை வரைந்திருக்கிறார், ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. உலோகம் பிடித்துப்போன இன்னொருவர் மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ. "சட்டகம்" என்ற அவருடைய 1938ஆம் ஆண்டுச் சுய உருவப்படம் அலுமினியத் தகட்டில் வரைந்தது, முகத்தைச் சுற்றியுள்ள பூவும் பறவையும் மேலே வைத்த கண்ணாடியின் பின்பக்கம் தீட்டியவை.

செம்பு ஈரத்தில் உப்பாது, சுருங்காது. மரமும் துணியும் அப்படிச் செய்வதால்தான் அவற்றின்மேல் உள்ள வண்ணம் வெடிக்கிறது. தகட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் பிசுக்கெடுத்து, பூண்டுச் சாறு தடவி ஆரம்பித்தேன். பூண்டு பழைய கைப்பிரதிகளில் உள்ள முறை, பிடிப்புக்காக. முதல் பூச்சில் பிரஷ் வழுக்கிக்கொண்டு ஓடியது, பூசியது வரிவரியாக நின்றது. அதைக் காயவிட்டு இரண்டாவது பூச்சுக்கு வந்ததும் எல்லாம் மாறியது. சொரசொரப்பே இல்லாததால் கண்ணிமையின் ஓரத்தை ஒற்றை மயிர் அளவுக்கு இழுக்க முடிகிறது.

கன்னத்தின் இடைநிறத்தில் நான் எதுவும் பூசவில்லை, செம்பை அப்படியே விட்டேன். வெளிச்சப் பக்கம் கனமான வெள்ளை கலந்த தோல் நிறம், நிழல் பக்கம் ஒளி ஊடுருவும் பழுப்பு, நடுவே வெற்று உலோகம். மாலை விளக்கில் அந்த இடம் உள்ளிருந்து சூடேறியது போல இருந்தது. சோதித்தவற்றில் கன்னத்துக்காக முதல் பரிசு இதற்குத்தான். ஆனால் தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் அதே இடம் கறுத்துவிடுகிறது, உலோகம் கோணத்துக்குக் கோணம் மாறும். புகைப்படம் எடுத்து அனுப்ப முடியாது, எடுத்த ஒவ்வொரு படத்திலும் மாமனாருக்கு வேறு வேறு வயது. வெற்றுச் செம்பு காற்றில் கறுக்கும் என்பதால் வார்னிஷ் போடாமல் விடக் கூடாது. வரையும்போது கையுறை தேவை, விரல் பட்ட இடம் ஒரு வாரத்தில் கருந்தடமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

தகடு வாங்கும்போது பருமனைப் பார்த்து வாங்குங்கள். புத்தக அளவுக்கு 1 மில்லிமீட்டர் போதுமானது. அதைவிட மெல்லியது மூலையில் வளையும், வளைந்த இடத்தில் வண்ணம் விட்டுப்போகும், நிமிர்த்தப் போனால் இன்னும் உதிரும். அக்ரிலிக் மட்டுமே பழக்கம் என்பவர்கள் நேரடியாகச் செம்பில் கை வைக்க வேண்டாம். அக்ரிலிக்கில் தண்ணீரோடு கொஞ்சம் அம்மோனியாவும் இருக்கும், அது செம்போடு சேர்ந்தால் பச்சை நீலக் கறை கிளம்பும். நடுவில் ஒரு தடுப்புப் பூச்சு போடலாம்தான், ஆனால் அதைப் போட்டு மூடிய பிறகு அந்தக் கன்னம் கிடைக்காது.